தேய்ந்துகொண்டே வந்த மருந்து

1

இந்தக் கதை ஒரு பயிற்சிக் கணக்கிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உயர்தர வகுப்புக்குக் கதிர்த்தொழிற்பாடு படிப்பித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் இருந்த கணக்குகள் முடிந்துவிட்டன. கரும்பலகையில் நானே ஒன்று எழுதினேன்: "கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வைத்தியசாலை ஒன்றுக்கு இரேடன் வாயு அடைத்த மருந்து அனுப்பப்படுகிறது. இரேடனின் அரை ஆயுட்காலம் 3.8 நாள். வழியில் தாமதமாகி மருந்து 3.8 நாள் கழித்து வந்து சேர்ந்தால், எவ்வளவு எஞ்சியிருக்கும்?"

விடை, பாதி. சுலபமான கணக்கு. வகுப்பே கையை உயர்த்தியது. கடைசி வாங்கில் இருந்த றமீஸா மட்டும் கையை உயர்த்தாமல் கேட்டாள்.

"டீச்சர், அந்த மருந்து ஆருக்கு?"

அது தரவில் இல்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மணி அடித்தது, பலகையை அழித்தேன்.

பின்னேரம் கல்லடிப் பாலத்தில் பஸ் போகும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து என்றால் ஒருவர் உடம்பில் நோய் இருக்க வேண்டும். தாமதம் என்றால் ஒருவர் காத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மனுஷியைக் காக்கவைத்து, விடை வந்ததும் நான் அவளை டஸ்டரால் துடைத்துவிட்டிருந்தேன்.

(மனுஷி என்று ஏன் எழுதினேன்? தெரியாது. பாலம் முடிவதற்குள் அது ஒரு பெண் என்று ஆகிவிட்டது.)

2

முதல் தொடக்கம்: "பிரபஞ்சத்தில் நிலையற்ற கருக்கள் யாவும் ஏதோ ஒரு கணத்தில்—"

[வேண்டாம். இது பாடக்குறிப்பு.]

இரண்டாவது: "மட்டக்களப்பு வாவியின் மேல் அந்த மார்கழி மாதத்து மேகம்—"

[வாவியைப் பற்றித் தொடங்கினால் மருந்தை மறந்துவிடுவேன். என் புத்தி எனக்குத் தெரியும்.]

மூன்றாவது: "சித்தி நபீஸாவுக்கு நாக்கின் இடப்பக்கத்து ஓரத்தில் ஒரு புண் வந்தது."

இது நிற்கட்டும். (சித்தி உறவுமுறை அல்ல, அவள் பெயரின் முதல் பாதி.)

3

சித்தி நபீஸாவுக்கு நாக்கின் இடப்பக்கத்து ஓரத்தில் ஒரு புண் வந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று நினைத்தாள். 1937ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குச் சில வருடங்களுக்கு முன்னர்தான் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. சில வருடங்கள் பிந்தினால் யுத்தம் வந்துவிடும். எனக்கு ரயில் வேண்டும், யுத்தம் வேண்டாம்.

காத்தான்குடியில் அவளுக்குத் தறி இருந்தது. ஆண்கள் உடுக்கும் சாரன் நெய்வாள். அவள் கணவர் ஆதம்பாவா அந்தச் சாரன்களைத் தோணியில் ஏற்றி, வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பார். வெல்லாவெளி வரைக்கும் போவார். பிள்ளைகள் இல்லை. இருபது வருடத் தாம்பத்தியத்தில் அந்த வீடு ஒருநாளும் சத்தமில்லாமல் இருந்ததில்லை. தறியின் சத்தத்துக்கு மேலாக நபீஸா கதைத்துக்கொண்டே இருப்பாள். ஊரில் நடந்தது, நடக்க வேண்டியது, நடந்திருக்கக் கூடாதது. ஆதம்பாவா அதைக் கேட்டுக்கொண்டே சாரன்களை மடித்து வைப்பார். அவர் மடிப்பது அவளுக்குப் பிடிக்காது. அதையும் சொல்லுவாள்.

அவர் ஒரு கிழமை, ஏழு நாளும், ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய நாளில் தறி மட்டும்தான் கேட்டது.

"என்ன புள்ள, கதைக்கிறாயில்ல?"

அவள் தலையை அசைத்தாள். கோபமோ என்று பயந்து, தன்மேல் என்ன பிழை என்று அவர் பகல் முழுவதும் யோசித்தார். சோற்றைத் தண்ணீர் விட்டுக் கரைத்து அவள் குடிப்பதைக் கண்டபோதுதான் விளங்கியது.

அடுத்த நாள் மாட்டுக் கரத்தை பிடித்துப் புளியந்தீவு வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

4

டொக்டர் கதிராமத்தம்பியை நான் நம்பவில்லை.

அதாவது, முதல் பிரதியில் எழுதிய கதிராமத்தம்பியை. அவர் எல்லாம் தெரிந்தவராக, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அணுக்கொள்கை சொன்னார். றமீஸாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கேள்வி அவளுடையது, அந்த உரிமை அவளுக்கு இருக்கிறது. மறுநாள் தாள்களைத் திருப்பித் தந்தாள். "டீச்சர், இந்த டொக்டர் ஒங்களப் போலவே கதைக்கிறாரு" என்றாள். அவரைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது கதிராமத்தம்பி இளைஞர். கொழும்பில் பெரிய வைத்தியர்களுக்குக் கீழே வேலை பழகிவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் வந்திருக்கிறார். இரேடன் மருந்தை நோயாளிகளுக்கு வைக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறார். தனியாக வைத்ததில்லை.

அவர் நபீஸாவின் நாக்கைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். புற்றுநோய் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"கொழும்புக்குப் போகவேணும்."

நபீஸா மாட்டேன் என்றாள். நாக்கு அசைவதே நோவு. ஆனாலும் சொன்னாள்.

"அங்க மௌத்தாகினா ஆரு என்னக் கொண்டு வாற? நான் போகமாட்டன்."

செத்தாலும் ஊரில்தான் என்று நின்றவளிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். கடைசியில் டொக்டர்தான் இறங்கி வந்தார். மருந்தை இங்கே எடுப்பிக்கலாம், இங்கேயே வைக்கலாம். ஆனால் அது வழியில் தேயும் மருந்து, யாராவது போய்க் கையோடு கொண்டு வரவேண்டும்.

"தேயுமெண்டா? ஒழுகுமா டொக்டர் ஐயா?" என்று ஆதம்பாவா கேட்டார். "நான் நல்லா இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவன்."

"ஒழுகாது காக்கா" என்று டொக்டர் அவரை அண்ணன் முறை சொல்லி விளக்கினார். "சின்னச் சின்னத் தங்கக் குழாயில அடைச்சு வச்சிருப்பாங்க. எள்ளு மாதிரி இருக்கும். அதுக்குள்ள ஒரு வாயு. அந்த வாயுவின்ட அணு ஒவ்வொண்டும் சும்மா இருக்கும், இருந்தாப்போல வெடிச்சு வேற ஒண்டா மாறும். கடைசியா ஈயம். வெடிக்கேக்க வாறதுதான் புண்ணச் சுடும்."

"எப்ப வெடிக்கும்?"

டொக்டர் உள்ளதைச் சொன்னார். "எனக்கும் அது ஒழுங்கா விளங்கினதில்ல. கூட்டமா எடுத்தா, நாலு நாளுக்குள்ள பாதி போயிடும். அது பிழைக்காது. ஆனா ஒரேயொரு அணுவப் பிடிச்சு, நீ எப்ப எண்டு கேட்டா, அதுக்கு உலகத்தில ஒருத்தரிட்டயும் பதில் இல்ல. சூடாக்கினாலும் சுறுக்கா வெடிக்காது. குளிராக்கினாலும் பிந்தாது."

நபீஸா திரும்பினாள். அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இந்த மருந்து வச்சா சுகமாகுமா?"

"ரெண்டு பேருக்கு வச்சா ஒராளுக்குச் சுகமாகுது."

"நான் எந்த ஆளு?"

இந்த இடத்தில் டொக்டரைக் கொண்டு ஒரு நல்ல வசனம் சொல்லவைக்கப் பல நாள் முயன்றேன். அவர் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவரை நம்பத் தொடங்கினேன்.

5

(அடிக்குறிப்பு. அடியில் இடம் இல்லாதபடியால் இங்கே: சுடும் வேலையைச் செய்வது பெரும்பாலும் இரேடன் அல்ல. இரேடன் கரு ஓர் அல்பாத் துணிக்கையை உமிழும். அது தங்கச் சுவரைத் தாண்டாது. இரேடன் மாறிப் பிறக்கும் கருக்கள் உண்டு, சில நிமிடங்களே வாழ்கிறவை. அவற்றின் காமாக் கதிர்தான் தங்கத்தைத் தாண்டிப் புண்ணுக்குப் போகிறது. பரீட்சையில் இதைக் கேட்பார்கள்.

இன்னொன்று. கொழும்பில் அந்த மருந்தை அடைத்துக் கொடுக்கும் இடம் அப்போது இருந்ததா என்று நான் தேடவில்லை. கதைக்கு வேண்டும் என்று ஒன்றைக் கட்டிக்கொண்டேன். நோயாளியின் கணவர் கையில் அதைக் கொடுத்துவிடுவார்களா? இன்றைக்கு நிச்சயமாக மாட்டார்கள். இனி வரும் வெள்ளமும் என்னுடையதுதான்.)

6

ஆதம்பாவா ஒரு திங்கட்கிழமை பகல் மருந்தைக் கையேற்றார். மூடி இறுக்கிய கனமான ஈயச் செம்பு, அதற்குள் தங்க எள்ளுகள். கொடுத்தவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: உடம்போடு வைத்திருக்க வேண்டாம், எட்ட வை.

ரயிலில் அதை வாங்குப் பலகையின் மறு முனையில் வைத்துவிட்டு இந்தத் தொங்கலில் இருந்தார். அவருக்கு அது சரியாகப் படவில்லை. நபீஸாவுக்கு என்று எது வாங்கினாலும் மடியில் வைத்துக் கொண்டுவருகிறவர் அவர். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கையை நீட்டி, தொடாமல், அது ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்தார்.

செவ்வாய் காலை மட்டக்களப்பில் இறங்கியிருக்க வேண்டும். மழை விடவில்லை. வெலிக்கந்தையில் ரயில் ஒரு பகலும் ஓர் இரவும் நின்றது. பிறகு ஊர்ந்து ஊர்ந்து வாழைச்சேனைக்கு வந்து அதோடு நின்றுவிட்டது. ஏறாவூர்ப் பக்கம் பாதையை வெள்ளம் அரித்துவிட்டதாம்.

"எப்ப போகும்?" என்று ஸ்டேசன் மாஸ்டரைக் கேட்டார்.

"தண்ணி வடிஞ்சாத்தான். ரெண்டு நாளோ மூண்டு நாளோ. இரும், எல்லாரும் இருக்கினம்தானே."

எல்லாரும் இருக்கலாம். அவர்களுடைய சாமான் சும்மா இருக்கும்போது தேய்கிற சாமான் இல்லை. ஆதம்பாவா ஒரு தடி தேடினார். ஒரு தொங்கலில் ஈயச் செம்பையும் மறு தொங்கலில் தன் உடுப்பு மூட்டையோடு ரெண்டு கல்லையும் கட்டினார். அப்படித் தோளில் வைத்தால் செம்பு உடம்புக்கு எட்ட இருக்கும். தண்டவாளம் தெரிகிற இடத்தில் அதன்மேலும், தெரியாத இடத்தில் தண்ணீருக்குள்ளும் நடந்தார்.

ஒரு மதகடியில் கால் வழுக்கியது. தடி கையை விட்டுப் போனது. மூட்டை மிதந்து போனது, செம்பைக் காணவில்லை.

[இதில் நான் இரண்டு நாள் பேனையை வைத்துவிட்டேன். செம்பு போனால் கதை இங்கேயே முடியும். அப்படியும் முடித்துப் பார்த்தேன்: "அவர் வெறுங்கையோடு—". அந்த வசனத்தை முடிக்க என்னால் ஏலவில்லை.]

ஈயம் கனம். வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போகவில்லை, விழுந்த இடத்திலேயே அமிழ்ந்தது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று ஆதம்பாவா காலால் தடவினார். சேறு, வேர், கல். அல்லாஹ்வை அழைத்து அழைத்துத் தடவினார். பெருவிரலில் செம்பின் விளிம்பு பட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி எடுத்தார். எடுத்தவர் எட்ட வைக்க வேண்டும் என்பதை மறந்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதகுக் கட்டில் குந்தியிருந்து அழுதார். பிறகு ஞாபகம் வந்து, பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு மிச்சத்தை அழுதார்.

7

நடந்து வந்து சேர்ந்த ஏறாவூரில் காற்று அடங்கும்வரை ஒரு தோணியும் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்த பிறகுதான் சீனித்தம்பி என்ற மீன்பிடிகாரர் சம்மதித்தார். தோணியிலும் ஆதம்பாவா செம்பை முன்பக்கத்து அணியத்தில் வைத்துவிட்டு நடுவில் இருந்தார்.

"என்ன காக்கா அதுக்குள்ள?"

"மனிசிட மருந்து. நாக்கில புண்."

"மறுகா ஏன் அவ்வளவு எட்டத்தில வச்சிருக்கிறீங்க?"

"கிட்ட வைக்கப்படாதாம்."

சீனித்தம்பி கொஞ்ச நேரம் தண்டு வலித்தார். பிறகு கேட்டார்.

"கிட்ட வைக்கப்படாத மருந்தயா காக்கா மனிசிட வாய்க்குள்ள வைக்கப் போறாங்க?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். ஆனால் ஆதம்பாவாவின் கண் செம்புக்குப் போனது. கொழும்புக்குப் போய் வெள்ளத்தில் விழுந்து எழும்பிய இத்தனை நாளில், இதை அவர் ஒருமுறையும் நினைக்கவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது மட்டும்தான் நினைவு. இப்போது வாவி சுற்றிலும் கலங்கிக் கிடந்தது. ஒரு கை நீட்டி அந்தச் செம்பைத் தட்டிவிட்டால் போதும். விழுந்துவிட்டது என்று சொல்லலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர் எழும்பி அணியத்துக்குப் போனார். தோணி ஆடியது.

"இரிங்க காக்கா, கவுளப் போகுது!"

ஆதம்பாவா செம்பின்மேல் கையை வைத்தபடி நின்றார். நபீஸா பேசாமல் தறி மட்டும் கேட்ட வீடு நினைவுக்கு வந்தது. கையை எடுத்தார். திரும்பி வந்து இருந்தார்.

"சுறுக்காப் போங்க தம்பி" என்றார்.

8

டொக்டர் செம்பைத் திறக்கும்முன் ஆதம்பாவா முந்திக்கொண்டார்.

"ஐயா, தண்ணிக்க விழுந்திட்டு. பழுதாப் போயிரிக்குமா?"

"தண்ணி அத ஒண்டும் செய்யாது."

"விழுந்ததில இரிந்து துஆக் கேட்டுக்கொண்டுதான் வாறன், தேயாம இரிக்கோணுமெண்டு."

"அதுக்கு அது நிக்காது காக்கா. கேக்கிறதெண்டா நபீஸாவுக்குக் கேளுங்க."

"இன்னொண்டு. கிட்ட வைக்கப்படாத சாமான அவட வாயில வைக்கிற சரியா?"

டொக்டர் கதிரையை இழுத்து அவருக்கு நேரே இருந்தார். "அது கெட்ட தசையையும் சுடும், நல்ல தசையையும் சுடும். கெட்டது கொஞ்சம் லேசாச் சாகும். நல்லது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அந்தக் கொஞ்சத்த நம்பித்தான் செய்யிறம். வேற ஒண்டும் எனக்கிட்ட இல்ல."

பிறகு தாளில் கணக்குப் பார்த்தார். என் கரும்பலகைக் கணக்கு. விடை அதே விடைதான்: பாதி. ஆனால் எனக்குச் சரி போட்டுவிட்டுப் போக முடிந்தது, அவருக்கு முடியவில்லை. ஒரு நாளில் வந்து சேரும் என்று எண்ணி எடுப்பித்த மருந்து அது. பாதி மருந்து புண்ணை முழுதாகச் சுடாது. எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாக எடுப்பித்தால், அதற்குள் புண் வளரும். இருப்பதை இப்போது வைத்து மிச்சத்தைப் பிறகு வைத்தால், நாக்கில் ஊசி குத்துகிற அந்த வேதனையை அவள் இரண்டு தரம் பட வேண்டும்.

இதையெல்லாம் அவர் நபீஸாவிடமே சொன்னார். முதல் பிரதியில் ஆதம்பாவாவிடம் மட்டும் சொன்னார்; நபீஸா என்னை விடவில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தாள். சேறு காய்ந்த சாரன். உரிந்த தோள். நான்கு நாள் தாடி.

"இரிக்கிறத வையுங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நின்று நின்று சொன்னாள். "மிச்சத்துக்கு மறுகாக் குத்துங்க. இந்த மனிசன் தண்ணிக்கால கொண்டு வந்தத எறிய ஏலா."

ஆதம்பாவா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வைத்தார்கள். மறுகிழமை பாதை திருத்தியதும் இரண்டாம் தரம் போய்வந்தார். அந்தப் பயணத்தில் ஒன்றும் நடக்கவில்லை, அதனால் எழுதவில்லை. நாக்கு வீங்கியது. காய்ச்சல் வந்தது. ஆதம்பாவா வியாபாரத்தை விட்டுவிட்டு, கஞ்சியைத் துணியில் வடித்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். ஊட்டிக்கொண்டே கதைத்தார். படுவான்கரையில் கந்தப்போடியின் எருமை சேற்றில் புதைந்த கதை, பார்த்தது, பார்க்காதது, எல்லாம். அவருக்கு இவ்வளவு கதைக்க வருமென்று அவருக்கே தெரியாது. இப்போது நபீஸாதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீக்கம் வற்றிய பிறகு ஒரு காலையில், அவர் சாரன்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல் கேட்டது. கொஞ்சம் தடித்த குரல்.

"சாரன இப்பிடியா மடிக்கிற?"

அவர் அந்தச் சாரனை உதறிவிட்டுத் திரும்ப மடித்தார். அதுவும் பிழை என்றாள். இன்னொரு தரம் மடித்தார்.

தங்கக் குழாய்களை வெளியே எடுப்பதில்லை. வேலை முடிந்தபின் அவை நாக்குக்குள்ளேயே கிடக்கும். "நான் ஒனக்குக் கொண்டு வந்த தங்கத்திலயே கள்ளன் தொட ஏலாத தங்கம் இதுதான்" என்று ஆதம்பாவா சொல்லுவார். நபீஸா, கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாத தங்கத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்பாள்.

9

முடிவு.

ஒரு முடிவில் நபீஸா கிழவியாகி, சாரன் மடிப்பில் பிழை பிடித்தே ஆதம்பாவாவைத் தளர்த்துகிறாள். இன்னொரு முடிவில் நோய் திரும்பி வருகிறது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். அது நாலே வசனம்.

றமீஸா முதலாவதைக் கேட்கிறாள். "நீங்கதானே டீச்சர் எழுதுறீங்க, சுகமாக்கிடுங்களன்." நியாயமான கேள்விதான். நான் செய்யலாம். வெள்ளத்தை உண்டாக்கியவள், செம்பை மீட்டுக் கொடுத்தவள். ஆனால் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரே பொருளைத்தான் படிப்பிக்கிறேன்: பல கோடி அணுக்கள் என்றால் எனக்குத் தெரியும், ஒன்று என்றால் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நபீஸா என்ற ஒருத்தியைப் பற்றி மட்டும் எனக்குத் தெரியும் என்று எப்படி—

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

ஒரு வருடம் கழித்து, சோதித்துப் பார்க்கும் நாள். மழை இல்லை. இருவரும் கரத்தையில் வந்தார்கள். வழி முழுவதும் நபீஸா கதைத்தாள். கரத்தைக்காரன் அப்துல் மஜீதுக்கும் சேர்த்துப் புத்தி சொன்னாள். வைத்தியசாலை யன்னலடிக் கதிரையில் அவளை இருத்தினார்கள். டொக்டர் கதிராமத்தம்பி கை கழுவிவிட்டு வந்தார். ஆதம்பாவா வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றார். ஒருநாளும் அவர் அந்தப் புண்ணைப் பார்த்ததில்லை. கஞ்சி ஊட்டும்போதும் கரண்டியைத்தான் பார்த்தார். பயம்.

"ஆ எண்டுங்க" என்றார் டொக்டர்.

நபீஸா வாயைத் திறக்கவில்லை. வாசலைப் பார்த்தாள்.

"இஞ்ச வாங்க. அங்க நிண்டு என்ன செய்யப் போறீங்க? நீங்களும் வந்து பாருங்க."

அவர் தயங்கித் தயங்கி வந்தார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு யன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, நாக்கை நீட்டினாள்.

ஆதம்பாவா குனிந்து பார்த்தார்.

என்ன கண்டார் என்பதை நீங்கள் எழுதுங்கள். நான் இதில் பேனையை வைக்கிறேன். எதை எழுதினாலும், அவள் கையிலிருந்து அவர் கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.